அவரும் அவனும்

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளியில் எங்களுக்கு நான்-டீடெயில் என்று ஒரு மெல்லிய புத்தகம் இருந்தது. பெரிய ஆங்கில நாவல்களைச் சுருக்கி, கடினமான சொற்களைப் பிடுங்கிவிட்டு, சில பத்துப் பக்கங்களில் அடக்கித் தருவார்கள். டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும் எனக்கு அறிமுகமானது அப்படித்தான். ஆசிரியர் கதையை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்: "ஜெக்கில் நல்லவர். மருந்தைக் குடித்தால் கெட்டவன் ஆகிவிடுவார்." பரீட்சைக்கு அது போதுமாக இருந்தது. நானும் அதையே எழுதி மதிப்பெண் வாங்கினேன்.

அந்த வாக்கியத்தை இன்னொரு முறை கேளுங்கள். நல்லவர், கெட்டவன். ஆள் ஒருவர்தான். ஆனால் தமிழில் சொல்லத் தொடங்கியதுமே விகுதி அவரை இரண்டாக வெட்டிவிடுகிறது. ஆங்கிலத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. மரியாதைக்குரிய டாக்டருக்கும் கொலைகாரனுக்கும் அங்கே ஒரே சுட்டுச்சொல்தான். நமக்கு அவர் வேறு, அவன் வேறு. இன்று நானும் அப்படித்தான் சொல்லப்போகிறேன், வேறு வழியில்லை. ஆனால் அந்தக் கதை இந்த விகுதிக்குள் அடங்காது. அதைத்தான் உங்களோடு பேச வந்தேன்.

கதையை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1850-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தவர். சிறுவயதில் அவருடைய அறையில் ஒரு மர அலமாரி நின்றிருந்தது. அதைச் செய்த வில்லியம் பிரோடி, முந்தைய நூற்றாண்டில் அதே ஊரில் தச்சர் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். நகர மன்ற உறுப்பினரும்கூட. பெரிய வீடுகளில் மர வேலை, பூட்டு வேலை என்றால் அவரைக் கூப்பிடுவார்கள். போன இடத்தில் சாவிக்கு அச்சு எடுத்துக்கொள்வார். அப்புறம் ஒரு ராத்திரி கள்ளச்சாவியோடு திரும்பி வருவார். விடிந்ததும் "எவன் வேலை இது?" என்று தெருவே கேட்டிருக்கும், கேட்டவர்களோடு கவுன்சிலரும் நின்று தலையாட்டியிருப்பார். 1788 மார்ச்சில் கலால் வரி அலுவலகத்தில் கைவைத்த பிறகு குட்டு உடைந்தது. ஆம்ஸ்டர்டாம் வரை ஓடிப் பிடிபட்டு, அதே ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி தூக்கில் தொங்கினார். தொங்கினான் என்று சொல்ல வேண்டுமோ? பார்த்தீர்களா, இங்கேயே நாக்கு தடுமாறுகிறது.

நோஞ்சான் குழந்தை ஒன்று, இருமிக்கொண்டே, தூக்கம் வராமல் அந்த ஆளின் கைவேலையைப் பார்த்தபடி கிடந்த இரவுகளை நினைத்துப் பார்க்கிறேன். பின்னாளில் ஸ்டீவன்சன் ஒரு நண்பரோடு சேர்ந்து பிரோடியை வைத்து நாடகமே எழுதினார். அது பெரிதாக எடுபடவில்லை.

எடுபட்டது 1885-ல், இங்கிலாந்தின் போர்ன்மவுத் ஊரில், நோயில் படுத்திருந்தபோது வந்த ஒரு கனவு. தூக்கத்தில் அலறியவரை மனைவி ஃபேனி எழுப்பினார். "நல்ல பேய்க்கதை ஒன்று கண்டுகொண்டிருந்தேன், ஏன் எழுப்பினாய்?" என்று அவர் கோபித்துக்கொண்டாராம். மளமளவென்று எழுதிய முதல் பிரதியை, மனைவி குறை சொன்ன பிறகு, நெருப்பில் போட்டுவிட்டு மறுபடி எழுதினார். 1886 ஜனவரியில் ஒரு ஷில்லிங் விலையில் வந்த புத்தகம் ஆறு மாதத்தில் சுமார் 40,000 பிரதி விற்றது. ஜெக்கிலும் ஹைடும் ஒரே ஆள் என்பது அன்று அதை வாங்கியவர்களுக்குக் கடைசிப் பகுதி வரை தெரியாது. நமக்கோ அட்டையைத் திறக்கும் முன்பே தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பதில்தான் கோளாறு.

சரி, ஜெக்கில் உண்மையிலேயே நல்லவரா? கடைசி அத்தியாயத்தில் அவரே எழுதி வைத்த வாக்குமூலம் இருக்கிறது. இளமையில் தன்னிடம் இருந்த குறையைச் சொல்கிறார்: கொஞ்சம் உல்லாசப் பிரியம். மற்றவர்களாக இருந்தால் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்கிறார். ஆனால் இவருக்கு ஊர் முன்னால் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும். அதனால் ஒளித்தார். தப்பு என்னவோ சின்னதுதான், ஒளித்து ஒளித்து அது வளர்ந்தது. இரண்டு பேரையும் இரண்டு உடம்பில் குடிவைத்துவிட்டால் வெட்கம் என்பதே இருக்காதே என்று தோன்றியது. மருந்து வந்தது அப்படி.

அந்த மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது. உள்ளே இருக்கும் சிறையின் கதவை அது குலுக்கிவிட்டது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் உயர்ந்த எண்ணம் விழித்திருந்தால் ஒரு தேவதையே வெளியே வந்திருக்கலாம் என்று ஜெக்கிலே எழுதுகிறார். விழித்திருந்தது வேறு. எனவே ஹைட் வந்தான், முழுக்க முழுக்கத் தீமையாக. மறு பக்கத்தில் முழுக்க முழுக்க நன்மையாக யாராவது மிஞ்சினார்களா? இல்லை. பழைய ஜெக்கில்தான் மிஞ்சினார், அதே கலவையாக. என் ஆசிரியர் விட்ட இடம் இது. கெட்டது தனி ஆளாகப் பிரிந்து போயிற்று. நல்லது பிரியவே இல்லை. கதையில் ஹைடுக்கு எதிரே நிற்கும் நல்லவர் என்று யாரும் கிடையாது.

ஹைடைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் உடம்பு கூசுகிறது. ஆனால் மூக்கா, கண்ணா, எது சரியில்லை என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. "மக்களே போல்வர் கயவர்" என்று வள்ளுவர் சொன்னார். பார்வைக்குக் கண்டுபிடிக்க முடியாது என்பது அவர் கட்சி. ஸ்டீவன்சன் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறார். நாம் எல்லோரும் கலப்படச் சரக்கு, அதனால் கலப்பில்லாத ஒன்று எதிரே வந்தால் பயம் வருகிறது. எனக்கு இது பிடித்திருக்கிறது, ஆனால் நடைமுறையில் வள்ளுவர்தான் சரி என்று நினைக்கிறேன். பிரோடியைக் கண்டு எடின்பரோவில் யாருக்கும் கூசவில்லையே.

கதையில் ஒரு காலை வருகிறது. ஜெக்கில் தன் படுக்கையில் கண்விழிக்கிறார். அரைத் தூக்கம். லண்டனின் மஞ்சள் வெளிச்சத்தில், போர்வையின் மேல் கிடக்கும் கையைப் பார்க்கிறார். அவருடைய கை பெரியது, வெளுத்தது, டாக்டருக்கு ஏற்ற கை. இங்கே கிடப்பதோ நரம்பு புடைத்து, கணு கணுவாக, கறுத்த மயிர் அடர்ந்த கை. படுத்த பிறகு அவர் மருந்து குடிக்கவில்லை. படுத்தவர் ஜெக்கில், எழுந்தவன் ஹைட். அந்தக் கையை அரை நிமிடம் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தது யார்? அவரா, அவனா? இந்தப் பக்கத்தைத் தமிழில் பெயர்க்க உட்கார்ந்தால், வினைமுற்று வரும் இடத்தில் எல்லாம் பேனா நின்றுவிடும்.

ஹைட் ஒரு கொலை செய்த பிறகு ஜெக்கில் திருந்துகிறார். ஏழைகளுக்கு உதவுகிறார், உண்மையாகவே உழைக்கிறார். ஜனவரியில் இதமான ஒரு நாள், ரீஜண்ட் பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்து வெயில் காய்கிறார். நானும் நாலு பேரைப் போலத்தானே என்று மனம் சமாதானம் சொல்கிறது. அப்புறம் ஒரு படி மேலே போகிறது: அவர்கள் சும்மா இருக்கிறார்கள், நானோ நல்லது செய்கிறேன். அந்த எண்ணம் ஓடிய அதே நொடியில் குமட்டல் வருகிறது, நடுக்கம் வருகிறது. குனிந்து பார்த்தால் சட்டை தொளதொளக்கிறது, முழங்காலில் அந்த மயிர் அடர்ந்த கை. பட்டப்பகலில், பொது இடத்தில், மருந்தே இல்லாமல். குடியோ கோபமோ காரணம் இல்லை. தன் நல்ல குணத்தை நினைத்துத் தன் முதுகில் தானே தட்டிக்கொண்டார், அவ்வளவுதான். கதையிலேயே எனக்குப் பயமான இடம் இது. கொலை நடக்கும் இடம்கூட இவ்வளவு பயமாக இல்லை.

முடிவு நெருங்கும்போது பூட்டிய அறைக்குள் யார் இருக்கிறார்கள் என்று வேலைக்காரர்களுக்குத் தெரியவில்லை. இருபது வருடம் கூட இருந்த பட்லர் பூல், முகமூடி போட்டுக்கொண்டு குரங்கு மாதிரித் தாவி ஓடிய உருவத்தைப் பற்றி வக்கீல் அட்டர்சனிடம் பேசுகிறார். எஜமான் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த மனிதர் என்றும் வரவில்லை. அஃறிணையில் இறங்கிவிடுகிறார்: அது.

உள்ளே வாக்குமூலம் எழுதிக்கொண்டிருப்பவருக்கும் இதே சிக்கல்தான். ஹைட் செய்ததைச் சொல்லிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்று, "அவன் என்றே சொல்கிறேன், நான் என்று என்னால் சொல்ல முடியவில்லை" என்கிறார். இரண்டு பேருக்கும் கையெழுத்து ஒன்று என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சாய்வுதான் வேறு. வக்கீலின் குமாஸ்தா அதை முன்பே கவனித்துச் சொல்லியிருக்கிறார்.

கடைசி வரியில், பேனாவைக் கீழே வைக்கும் முன், அந்தப் பாவப்பட்ட ஹென்றி ஜெக்கிலின் வாழ்க்கையை இத்துடன் முடிக்கிறேன் என்று எழுதியிருக்கிறது. 'முடிக்கிறேன்.' தன்மை ஒருமை. தமிழில் அந்த விகுதியில் மட்டும் மரியாதை உண்டா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாது.

வணக்கம்.