பெங்களூரில் வீடு வாங்குகிறீர்களா? டோக்கன் கொடுப்பதற்கு முன் இதைப் பாருங்கள்

வணக்கம் மக்களே. முருகேஷ்பாளையா மொட்டைமாடியிலிருந்து பேசுகிறேன், நடுவில் விமானச் சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீடு வாங்குவதைப் பற்றிப் பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

நாங்கள் முதலில் பார்த்த ஃபிளாட் நான்காவது மாடி. கிழக்குப் பார்த்த வாசல், நல்ல காற்று. அப்போது ஆடி மாதம். "ஆவணி பிறந்தால் இந்த விலைக்குக் கிடைக்காதுங்க" என்று தரகர் அவசரப்படுத்தினார். ஒரு லட்சம் டோக்கன், அதாவது முன்பணம், கொடுத்துவிட்டோம். அப்புறம்தான் வக்கீலைப் பார்த்தோம். அவர் அப்ரூவல் பிளானை மேசையில் விரித்து, பென்சில் நுனியால் ஒவ்வொரு தளமாகத் தொட்டு எண்ணினார். தரைத்தளம், ஒன்று, இரண்டு, மூன்று. பென்சில் நின்றுவிட்டது. "நீங்க பார்த்த வீடு இதுல எங்கம்மா இருக்கு?" என்றார். காகிதத்தில் அந்த மாடியே இல்லை. டோக்கன் பணம் திரும்பி வர ஐந்து மாதம் அலைந்தோம்.

அதனால் சொல்கிறேன், வக்கீல் முதலில், டோக்கன் அப்புறம். ஓ.சி. இருக்கிறதா என்று கேளுங்கள். பிளான்படிதான் கட்டியிருக்கிறார்கள், குடிபோகலாம் என்று மாநகராட்சி கொடுக்கும் சான்று அது. "எல்லாரும் குடியிருக்காங்களே" என்பது அதற்குப் பதில் ஆகாது.

நம் ஊரில் பட்டா, வில்லங்கம் இரண்டையும் பார்த்துவிட்டால் மனசு நிம்மதியாகிவிடும். இங்கே எல்லாரும் காத்தா, காத்தா என்பார்கள். காத்தா என்றால் கணக்கு, அதாவது சொத்து வரிக் கணக்கு. அது மட்டும் உரிமையைக் காட்டாது. உரிமைக்குக் கிரயப் பத்திரமும், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரங்களும் வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து இ-காத்தா, அதாவது கணினியில் உள்ள காத்தா, இல்லாமல் இங்கே பத்திரம் பதிய முடியாது. அதிலும் ஏ காத்தாவா, பி காத்தாவா என்று பாருங்கள். அனுமதியில் குறை உள்ள சொத்துகள்தான் பி-யில் இருக்கும், பல வங்கிகள் அதற்குக் கடன் தருவதில்லை. "ஏ-க்கு மாத்திக்கலாம்" என்று சொன்னால், மாற்றிக் கொடுக்கட்டும், பிறகு வாங்குவோம்.

எல்லாம் கன்னடத்தில் இருக்கிறதே என்று நிறையப் பேர் பத்திரத்தைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. நான் ஈ.சி.யை, அதாவது வில்லங்கச் சான்றை, எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு அக்காவிடம் போனேன், சத்தமாக வாசிக்கச் சொன்னேன். கேட்கக் கேட்க ஆச்சரியம்! கிரயபத்ர, தானபத்ர, விபாகபத்ர என்று வாசிக்கிறார். கண்ணுக்குத் தெரியாத எழுத்து காதுக்குப் பாதி புரிகிறது. ஓரிடத்தில் "அடமான" என்றார், அங்கேயே நிறுத்தச் சொல்லிக் குறித்துக்கொண்டேன். விபாக என்றால் பாகப்பிரிவினை. அப்படி ஒரு வரி வந்தால் அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாருக்கும் பங்கு தீர்ந்ததா என்று வக்கீலிடம் கட்டாயம் கேளுங்கள். காவேரி என்ற கர்நாடகப் பதிவுத்துறை இணையதளத்தில் 2004 ஏப்ரலுக்குப் பிந்தைய பதிவுகளுக்கு ஈ.சி. எடுக்கலாம். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகம் போகத்தான் வேண்டும். போங்கள், சோம்பல் படாதீர்கள்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 80 லட்சத்துக்கு வாங்கினால் முத்திரைத் தீர்வை, செஸ் எல்லாம் சேர்த்து 5.6 சதவீதம். பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் 31 முதல் 2 சதவீதம், முன்பு 1 தான். மொத்தம் 6 லட்சத்து 8 ஆயிரம். வங்கிக் கடனில் பொதுவாக இது சேராது, கையில் வைத்திருக்க வேண்டும். 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதம் டி.டி.எஸ். வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டியது வாங்குகிறவர் பொறுப்பு. விற்பவர் வெளிநாட்டில் இருப்பவர் என்றால் கணக்கே வேறு, ஆடிட்டரைக் கேளுங்கள்.

தண்ணீர்! 2024 கோடையில் இந்த ஊர் பட்ட பாடு தெரியும்தானே. வீட்டை மார்ச், ஏப்ரலில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். காவேரித் தண்ணீர் இணைப்பு இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல், வாரத்தில் எத்தனை நாள் வருகிறது, டேங்கருக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள்.

விற்கப் போகிறவர்களுக்கு ஒன்று. எங்களுக்குத் தெரிந்த அம்மா ஒருவர், வீட்டுக் கடனை எப்போதோ அடைத்துவிட்டார். ஆனால் அடமான விடுவிப்பைப் பதிவு செய்யவில்லை. வாங்க வந்தவர்களின் வங்கி ஈ.சி.யைப் பார்த்தது, அடமானம் அப்படியே நிற்கிறது. கடன் கொடுத்த வங்கியோ இதற்குள் வேறு வங்கியோடு இணைந்துவிட்டது. பழைய கிளை எங்கே போனது என்று தேடிக் கண்டுபிடித்து, ஆளை வரவழைத்துப் பதிவதற்குள், வந்தவர்கள் வேறு வீடு பார்த்துவிட்டார்கள். விற்கிற எண்ணம் இருந்தால், விளம்பரம் போடுவதற்கு முன்பே உங்கள் வீட்டு ஈ.சி.யை நீங்களே ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.