16 ரூபாய் போல்ட்டும் மாமனாரின் வலது காலும்

வணக்கம் மக்களே! கையில் என்ன இருக்கிறது, பாருங்கள். போல்ட். ரெண்டே ரெண்டு போல்ட். என் காரின் முன் பிரேக்கை நாங்களே மாற்றியபோது கை கொடுத்த இதைப் பற்றி இன்றைக்கு நிறையப் பேசப் போகிறேன். பொறுமை இல்லாதவர்கள் வீடியோவை ஓட்டிவிட்டுப் பாருங்கள், எனக்கு வருத்தமில்லை.

தொப்பூர் வீடியோ பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். சேலம் போகும்போது கணவாயில் இறங்குகிறோம், இரட்டைப் பாலம் வருவதற்குள் கருகல் வாடை. பிரேக் பெடல் வழக்கத்தைவிட உள்ளே போகிறது. பிரேக் வைத்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது. அந்த வீடியோவுக்கு அப்புறம் எனக்கு வந்த அறிவுரையில் பாதி, "நியூட்ரலில் விடுங்க சிஸ்டர், டீசல் மிச்சம்" என்பதுதான். தயவுசெய்து வேண்டாம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் இன்ஜினுக்கு டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் சும்மா ஓடுவதற்கு, அதாவது ஐடிலிங்குக்கு, டீசல் குடிக்கும். மிச்சமும் இல்லை, இன்ஜின் பிடிப்பும் போச்சு, மொத்த எடையும் பிரேக் தலையில். அந்த மலையில் லாரிகள் எப்படிக் கவிழ்கின்றன என்று பேப்பரில் படிக்கிறோமே, அதற்கு அப்புறமும் இந்த நியூட்ரல் பேச்சு எப்படித்தான் வாயில் வருகிறதோ!

சரி. வண்டியைத் தர்மபுரியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். பார்த்தார், தட்டினார், "டிஸ்க் ஹப்போட ஒட்டிப் பிடிச்சிருக்கு, லேசில வராது" என்றார். டிஸ்க் என்றால் சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு, அதை ரெண்டு பக்கமும் பேட் கவ்வினால்தான் வண்டி நிற்கும். ஹப் என்றால் டிஸ்க்கும் சக்கரமும் உட்காரும் நடுப்பகுதி. மொத்தம் 14,500 ரூபாய். அதில் டிஸ்க்கைக் கழற்றுவதற்கு மட்டும் தனியாக 1,800. பேட் அல்ல, டிஸ்க் அல்ல, கழற்றுவதற்கு! அடிக்கும்போது உள்ளே சக்கரத்தைச் சுழல வைக்கும் பேரிங் போனால் அது நம் பொறுப்பாம். அந்த 1,800 என்னைத் தூங்க விடவில்லை. வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். மாமா என்றால் என் மாமனார், ஆட்டுக் கொட்டகை வீடியோவில் தார்ப்பாய் கட்டினாரே, அவர்தான். வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர். "நாமளே பாத்துக்கலாம் விடும்மா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

வண்டி 2012 ஸ்விஃப்ட் டீசல், ஏபிஎஸ் இல்லாத மாடல். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். இன்றைக்கு முன்பக்கம் மட்டும். புது டிஸ்க் ஜோடி 3,900, பேட் செட் 1,450, டாட் 4 தரப் பிரேக் ஆயில் 280.

கடையில் ஓட்டை போட்ட டிஸ்க்கை நீட்டினார்கள். வேண்டவே வேண்டாம் என்றேன். அந்த ஓட்டை ஓரத்தில்தான் விரிசல் ஆரம்பிக்கும். சூட்டை வெளியே தள்ள நம் டிஸ்க்கிலேயே வழி இருக்கிறது. பக்கவாட்டில் பாருங்கள், ரெண்டு தகட்டுக்கு நடுவில் பட்டை பட்டையாக இடைவெளி. சக்கரம் சுற்றும்போது காற்றை நடுவிலிருந்து இழுத்து வெளியே வீசும். அது போதும். அப்புறம் பேட்டைப் பிடித்திருக்கும் காலிபருக்குச் சிவப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்று விற்கிறார்களே, அதை மாட்டியிருக்கும் வண்டியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். சூடு வெளியேற வேண்டிய இடத்தில் யாராவது சட்டை போடுவார்களா?

பேட் விஷயத்தில் வெளிநாட்டுப் பெட்டியைக் காட்டி மயக்கப் பார்த்தார்கள். நான் டிவிஎஸ் கிர்லிங் வாங்கினேன். அதைச் செய்யும் பிரேக்ஸ் இந்தியா சென்னை பாடியில் 1962-இல் தொடங்கிய கம்பெனி. பிரேக்குக்காக நாம் ஏன் கடல் தாண்ட வேண்டும்?

வேலைக்கு வருவோம். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கிரானைட் துண்டு அணை கொடுத்தோம். எங்கள் பக்கம் கிரானைட் துண்டுக்கா பஞ்சம்! ஆனால் கல் சக்கரம் உருளாமல் இருக்க மட்டும்தான். கல் மேல் வண்டியைத் தூக்கி நிறுத்தாதீர்கள், சட்டென்று உடையும். ஜாக்கியில் தூக்கி, இரும்பு ஸ்டாண்டில் இறக்கி, அப்புறம்தான் கை வைத்தோம். வீல் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் இளக்கிவிடுங்கள்.

காலிபர் கழன்றதும் கட்டுக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட்டேன். பிரேக் ஆயில் வரும் ஹோஸில் தொங்கவிட்டால் உள்ளே ரப்பர் கிழிந்துவிடும், வெளியே தெரியவும் தெரியாது. பழைய டிஸ்க்கின் ஓரத்தில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருப்பார்கள். ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் என் தம்பியின் வெர்னியரை வைத்து அளந்தேன். அந்த அளவுக்கும் கீழே போயிருந்தது, அதுவும் ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் ஒரு மாதிரி. நடுக்கம் எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டது.

இப்போதுதான் நம் ஹீரோ வருகிறார். டிஸ்க் நிஜமாகவே அசையவில்லை. மாமா, "சுத்தி எடுத்துட்டு வாம்மா" என்றார். நான் விடவில்லை. அடிக்கும் அடி நேராகப் பேரிங்குக்குப் போகும். டிஸ்க் முகத்தில் சக்கரம் மாட்டும் ஸ்டட்டுகளுக்கு நடுவே சின்னதாக ரெண்டு துளை இருக்கிறது, கேமராவில் தெரிகிறதா? உள்ளே மரை இருக்கிறது. அது அழகுக்கு வைத்தது கிடையாது. அதில் 8 மில்லிமீட்டர் போல்ட்டைப் போட்டு இறுக்கினால் போல்ட்டின் முனை ஹப்பில் முட்டும், டிஸ்க் தானாக வெளியே வரும். கம்பெனிக்காரன் இதற்காகவே போட்டு வைத்த மரை!

உடனே டவுனில் இருக்கும் ஹார்டுவேர் கடைக்கு ஓடினேன். "8 எம்எம் போல்ட் வேணும்ண்ணா." "எத்தனை கிலோ?" "ரெண்டு." "ரெண்டு கிலோவா?" "இல்லண்ணா, ரெண்டு போல்ட்." என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்! ஒன்று 8 ரூபாய், ரெண்டு 16. சில்லறை இல்லை என்று ஜிபே போட்டேன், அந்த ஸ்பீக்கர் பெட்டி கடையே கேட்கிற மாதிரி "பதினாறு ரூபாய் பெறப்பட்டது" என்று கத்தியது. கத்தட்டும். 1,800 ரூபாய் வேலையை வெறும் 16 ரூபாயில் முடிக்கப் போகிறவள் நான்!

மரைத் துளையில் இருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்து, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, 13-ஆம் நம்பர் ஸ்பானரால் இந்தப் போல்ட்டில் அரைச் சுற்று, அந்தப் போல்ட்டில் அரைச் சுற்று. ஒரே பக்கமாக இறுக்கக் கூடாது, கோணலாகிப் பிடித்துக்கொள்ளும். இறுக்கம் ஏறிக்கொண்டே போனது. மாமா சுத்தியலைத் தேடிக் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தார். அப்போது, "டங்!"

மறுபடியும் போடுகிறேன், கேளுங்கள். "டங்!" இன்னொரு தடவை, மெதுவாக. என்ன சுகமான சத்தம்! மாமா சுத்தியலைத் தேடுவதை விட்டுவிட்டு, "அட, லாரிக்கு இப்படி ஒண்ணு இருந்திருந்தா எங்க முதுகு தப்பிச்சிருக்கும்" என்றார். இந்த ரெண்டு போல்ட்டையும் டேப் சுற்றி டூல்ஸ் பெட்டியில் தனியாக வைக்கப் போகிறேன். யாரும் இரவல் கேட்காதீர்கள்.

ஹப் முகத்தில் ஒட்டியிருந்த துருவைச் சுத்தமாகத் தேய்த்து எடுத்தோம். அதை விட்டுவிட்டால் புது டிஸ்க்கும் கோணலாக உட்கார்ந்து கொஞ்ச நாளில் நடுங்கும். புது டிஸ்க்கில் துருப் பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவி அனுப்புவார்கள், பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். பிரேக் தூசியை வாயால் ஊதாதீர்கள், நுரையீரலுக்கு ஆகாது, ஈரத்துணியால் துடையுங்கள். காலிபர் நகர உதவும் ஸ்லைடு பின்னுக்கு பிரேக் கிரீஸ்தான் போட வேண்டும். வீட்டில் இருக்கும் சாதா கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிப்போகும். பேட் மாட்டியது பெரிய கதை இல்லை, தாண்டிவிடுகிறேன்.

ஐயோ, காலிபருக்குள் இருந்து பேட்டை அழுத்தும் பிஸ்டனை விட்டுவிட்டேனே. புது பேட் தடிமனாக இருக்கும், அதனால் பிஸ்டனை சி-கிளாம்ப் வைத்து உள்ளே தள்ள வேண்டும். தள்ளும்போது மேலே பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் ஏறும். அதனால் முன்கூட்டியே சிரிஞ்சில் கொஞ்சம் உறிஞ்சிவிட்டேன். பிரேக் ஆயில் பெயிண்டில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும், பக்கத்தில் ஒரு குவளை தண்ணீர் தயாராக இருக்கட்டும்.

அடுத்து ஆயில். பழையது கறுத்துக் கிடந்தது. பிரேக் ஆயில் மழைக்காலத்து உப்பு ஜாடி மாதிரி, காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். புது டாட் 3 கொதிக்கக் குறைந்தது 205 டிகிரி வேண்டும், ஈரம் ஏறிய பின் 140 போதும். டாட் 4-க்கு 230, ஈரம் ஏறினால் 155. தொப்பூர் மாதிரி நீள இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால் ஆயில் கொதித்துக் குமிழி வரும். குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால்தான் பெடல் உள்ளே போகிறது. டாட் 3 இருந்த இடத்தில் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 மட்டும் ஊற்றாதீர்கள், அது சிலிகான், இதோடு சேராது.

ஏர் எடுக்க, அதாவது பிரேக் குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்ற, மாமா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். நான் தூரத்துச் சக்கரத்திலிருந்து ஆரம்பித்தேன்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. உங்கள் வண்டிக்கு என்ன வரிசை என்று மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். "அமுக்குங்க மாமா." "அமுக்கிட்டேன்." சக்கரத்தின் பிரேக்கில் ஆயில் வெளியேறும் நிப்பிளைத் திறப்பேன், ஆயில் வரும், மூடுவேன். "இப்ப விடுங்க." நிப்பிள் திறந்திருக்கும்போது காலை எடுத்தால் காற்றை உள்ளே இழுத்துவிடும். மாமா ஒருமுறைகூட எடுக்கவில்லை. வீட்டுக்காரரை உட்கார வைத்திருந்தால் போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு விட்டிருப்பார், அது உங்களுக்கும் தெரியும்.

நடுவில் மாமா கேட்டார்: "எங்க லாரியில காத்து ஏறினாத்தான் பிரேக்கே வேலை செய்யும். உன் வண்டியில காத்து இருந்தா ஆபத்துங்கற?" ஆமாம் மாமா, அங்கே காற்றுதான் வேலைக்காரன், இங்கே அழையாத விருந்தாளி.

மறுநாள் விடியற்காலையில் பாலக்கோடு ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து, புது பேட் டிஸ்க்கோடு ஒத்துப் படியும்படி பழக்கினேன். ஐம்பதில் போய், அழுத்திப் பதினைந்துக்குக் கொண்டுவந்து, முழுசாக நிறுத்தாமல் மறுபடி வேகம். இப்படிச் சில முறை செய்துவிட்டு, சூடு ஆறும்வரை பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டினேன். அப்புறம் மாமாவோடு தொப்பூர். "ஏற எந்த கியரோ, இறங்கவும் அதே கியர்" என்று அவர் சொல்ல, மூன்றாவது கியரிலேயே இறங்கினேன். வாடை இல்லை, நடுக்கம் இல்லை, பெடல் மேலேயே நிற்கிறது. பக்கத்தில் ஒரு கார் நியூட்ரலில் சர்ரென்று தாண்டிப் போனது. மாமா சொன்ன வார்த்தையை மியூட் செய்திருக்கிறேன்.

பழைய டிஸ்க் ரெண்டையும் இரும்புக் கடைக்குப் போடலாம் என்றேன். மாமா தார்ப்பாய் மேல் எடை வைக்க எடுத்துக்கொண்டார், அதனால் அந்தக் கணக்கு இந்த வீடியோவில் வராது. அடுத்த வீடியோ பின்பக்க டிரம்.

இருங்கள், இருங்கள், முக்கியமானதைச் சொல்லவில்லை. எல்லாம் மாட்டிய பிறகு வண்டியை எடுப்பதற்கு முன், நின்ற இடத்திலேயே பெடலைப் பலமுறை மிதித்து இறுக்கம் வந்துவிட்டதா என்று பாருங்கள். பிஸ்டன் உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதி அப்படியே தரைக்குப் போகும். பெடல் இறுகியதும் டப்பாவில் ஆயில் MAX கோட்டுக்கும் MIN கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதற்கு அப்புறம் சாவியைத் திருப்புங்கள்.