கையால் செய்தால்தான் மனதில் நிற்கும் என்பவர்கள் எங்கே பயணம் போகலாம்?

வணக்கம். இன்று ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில். திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார். அவர் எழுதியதைச் சுருக்கமாகப் படிக்கிறேன்: "எனக்கும் என் மகளுக்கும் ஒரே சுபாவம். அவளுக்கு 12 வயது. கோயில், அரண்மனை, மியூசியம் என்று எங்கே போனாலும் பார்த்துவிட்டு வருகிறோம், ஒரு வாரத்தில் மறந்துவிடுகிறது. ஆனால் கையால் செய்து பார்த்த எதுவும் மறப்பதில்லை. எங்களைப் போன்றவர்கள் தமிழ்நாட்டுக்குள்ளேயே எங்கே போகலாம்? கைத்தொழில் வகுப்பு என்று விளம்பரம் வருகிறதே, அதை நம்பிப் போகலாமா?"

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் எனக்கே ஒரு அனுபவம் உண்டு. சில வருடங்களுக்கு முன்பு ஒரு நகரத்தில் இரண்டு மணி நேரப் பானை வகுப்புக்குப் பணம் கட்டிப் போனேன். மண் ஏற்கெனவே பிசைந்து, உருட்டி, தயாராக இருந்தது. சக்கரத்தில் என் கை இருந்தது, என் கைமேல் சொல்லிக்கொடுப்பவரின் கை இருந்தது. பத்து நிமிடத்தில் அழகான ஒரு குடுவை வந்துவிட்டது. போகும்போது சுட்டு, வர்ணம் அடித்த வேறொரு குடுவையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து யோசித்தேன். மண் எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்று தெரியவில்லை. சக்கரத்தின் நடுவில் மண்ணை நிறுத்துவது எப்படி என்று தெரியவில்லை. உடையவே இல்லை என்பதால் எதனால் உடையும் என்றும் தெரியவில்லை. கஷ்டமான பகுதி எல்லாவற்றையும் எனக்காக வேறு யாரோ முன்கூட்டியே செய்து முடித்துவிட்டார்கள்.

அதிலிருந்து எங்கே போனாலும் முதலில் ஒன்றைக் கேட்கிறேன்: "நான் செய்வது கெட்டுப்போனால் என்ன செய்வீர்கள்?" "கெட்டே போகாது சார், நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்று பதில் வந்தால் அந்த இடம் எனக்கு வேண்டாம். "கெட்டால் திரும்பச் செய்யுங்கள்" என்று சொல்கிற இடம்தான் நம் மாதிரி ஆட்களுக்கு.

சரி, எங்கே போவது? என்னைக் கேட்டால் முதலில் ஆத்தங்குடி. சிவகங்கை மாவட்டம், காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய அரை மணி நேரம். ஆத்தங்குடிக் கல், பூக்கல் என்று தரையில் பதிக்கும் அந்தக் கல்லை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அதைச் செய்கிற பட்டறைகள் அந்த ஊரில் வரிசையாக இருக்கின்றன. பெரிய இயந்திரம் கிடையாது, சூளை கிடையாது. சிமென்ட், அந்தப் பக்கத்து மணல், கலர் ஆக்சைடு, ஒரு சதுரக் கண்ணாடி, ஒரு இரும்புச் சட்டம், பூவோ கட்டமோ போட்ட ஒரு உலோக அச்சு, அப்புறம் தண்ணீர். இவ்வளவுதான். ஒரு 12 வயதுப் பெண் உட்கார்ந்து முழுக்கச் செய்யக்கூடிய வேலை இது.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் கண்ணாடியைத் துடைத்து, சட்டத்துக்குள் வைப்பார்கள். அதன்மேல் அச்சு. அச்சுக்குள் தனித்தனி அறைகள் இருக்கும்: இதழுக்கு ஒன்று, நடுவட்டத்துக்கு ஒன்று, ஓரத்துக்கு ஒன்று. கலர் கலந்த சிமென்ட் குழம்பைச் சின்னக் கரண்டியால் ஒவ்வொரு அறையிலும் ஊற்ற வேண்டும். குழம்பு தண்ணியாக இருந்தால் பக்கத்து அறைக்கு ஓடும், கெட்டியாக இருந்தால் மூலையில் சேராமல் ஓட்டை விழும். தோசை மாவைவிடக் கொஞ்சம் இளக்கமாக என்று ஒரு அம்மா எனக்குச் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தில் எனக்குப் புரிந்துவிட்டது.

அடுத்ததுதான் முக்கியம்: அச்சை எடுப்பது. நேராக, ஒரே மூச்சில் மேலே தூக்க வேண்டும். கை இம்மி ஆடினாலும் சிவப்பு மஞ்சளுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். அந்த அம்மா தூக்கும்போது பார்த்தேன். இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டிக்கொண்டார், தோள் அசையவே இல்லை. நான் முதல் கல்லில் மணிக்கட்டால் தூக்கினேன், இதழ் கலைந்தது. இரண்டாவதிலும் கலைந்தது. மூன்றாவதில் முழங்கையை ஒட்டி வைத்துத் தூக்கினேன், கோடு நின்றது. எந்தப் பலகையில் எழுதி வைத்துப் படித்தாலும் இது எனக்கு வந்திருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவருடைய முழங்கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

அப்புறம் அந்தக் கலர்மேல் காய்ந்த சிமென்டும் மணலும் கலந்த தூளைத் தூவுவார்கள். அது கலரிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி, கோட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் ஈரச் சாந்து போட்டு, அழுத்தி மட்டப்படுத்தி, சட்டத்தைக் கழற்றினால் கல் ஆகிவிட்டது. ஆனால் நீங்கள் பார்ப்பது கல்லின் முதுகு. முகம் கீழே, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. இது என்னவோ எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். முழு வேலையும் தலைகீழாக நடக்கிறது, செய்தவருக்குத் தன் பூ எப்படி வந்திருக்கிறது என்று உடனே தெரியாது. ஒரு நாள் இறுக விட்டு, தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, பல நாள் ஊற வைத்து, வெயிலில் காய வைப்பார்கள். காயும்போது கண்ணாடி விட்டுக்கொள்ளும். அந்தக் கண்ணாடியின் வழவழப்புத்தான் கல்லின் பளபளப்பு. மேலே எதுவும் பூசுவது இல்லை. நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க அது கூடிக்கொண்டே போகும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், சகோதரி. காலையில் போய்ச் செய்துவிட்டு மாலையில் கல்லோடு வீட்டுக்கு வர முடியாது. அப்படிக் கொடுத்தால் அது உங்கள் கல் இல்லை. உங்கள் மகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போங்கள். சிமென்டுக்கு அதன் நேரம் வேண்டும். பட்டறைக்காரரிடம் பேசி, காய்ந்த பிறகு பார்சலில் அனுப்பச் சொல்லலாம், கூலியையும் அனுப்பும் செலவையும் முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும்.

கல் செய்த பிறகு, அதற்கு முன்னால் இல்லை, ஆத்தங்குடி அரண்மனை என்று சொல்கிறார்களே, அந்தப் பெரிய வீட்டுக்குப் போங்கள். சின்ன நுழைவுக் கட்டணம் உண்டு. பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டு போவார். உங்கள் மகள் தரையைத்தான் பார்த்துக்கொண்டு வருவாள். எந்தக் கல்லில் கோடு கலைந்திருக்கிறது, எதில் நேராக நிற்கிறது என்று அவளே காட்டுவாள். நான் கூட்டிக்கொண்டு போன குழந்தைகள் ஒவ்வொருவரும் அதைத்தான் செய்தார்கள். நீங்கள் எழுதியிருந்தீர்களே, பார்த்தது மறந்துபோகிறது என்று. வரிசையை மாற்றிப் பாருங்கள்: முதலில் கை, அப்புறம் கண்.

அடுத்த இடம் சுவாமிமலை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில். இங்கே செய்கிற செப்புத் திருமேனிகளுக்குப் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊருக்கே உரிய பொருள் என்ற சட்ட அங்கீகாரம், இருக்கிறது. இங்கே நான் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். சிலை வார்ப்பது ஒரு பயணியின் கைக்கு வருகிற வேலை இல்லை. ஸ்தபதிகள் சின்ன வயதிலிருந்து உட்கார்ந்து கற்றுக்கொள்வது அது. உருகிய உலோகத்தின் பக்கத்தில் குழந்தையை விடவும் கூடாது. ஆனால் மெழுகு இருக்கிறது. தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சின அந்த மெழுகில்தான் முதலில் முழு உருவத்தையும் செய்வார்கள். கைச்சூட்டில் இளகும், குளிர்ந்த தண்ணீரில் போட்டால் இறுகும். கேட்டால் சில பட்டறைகளில் ஒரு துண்டு கொடுப்பார்கள். ஒரே ஒரு விரலைச் செய்யச் சொல்லுங்கள். பயப்படாதே என்று உள்ளங்கையைக் காட்டும் அபய முத்திரையில் இருக்கும் ஒரு விரல். ஒரு மணி நேரம் போய்விடும், விரல் வராது, குச்சிதான் வரும். அப்போதுதான் ஸ்தபதியின் கையில் வருகிற விரல் என்னவென்று தெரியும்.

அந்த மெழுகு உருவத்தின்மேல் காவிரி வண்டலை மெல்லியதாகப் பூசி, நிழலில் காய வைத்து, அதன்மேல் இன்னும் முரட்டு மண் பூசி, சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியே வந்துவிடும். அது இருந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பிறகு மண் கூட்டை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். ஒரு கூட்டுக்கு ஒரு சிலை. இன்னொன்று வேண்டும் என்றால் மறுபடி மெழுகிலிருந்து. வார்க்கும் நாள் எப்போது என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போனால் தூரத்தில் நின்று பார்க்கலாம்.

மகளுக்கு இன்னொன்றும் காட்டச் சொல்லுங்கள். தென்னையோலைக் கீற்று ஒன்றைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து, எங்கே முகம், எங்கே மார்பு, எங்கே முட்டி என்று அளவு குறிப்பார்கள். ஸ்கேலும் இல்லை, டேப்பும் இல்லை. பள்ளியில் பின்னம் புரியாத பிள்ளைக்கு இந்த ஓலையைக் கொடுத்துப் பாருங்கள். அங்கிருந்து தஞ்சாவூர் அரண்மனையில் இருக்கும் கலைக்கூடத்துக்குப் போய், சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் முன்னால் நில்லுங்கள். அந்த விரல்களைப் பாருங்கள்.

சென்னைப் பக்கம் வருகிறவர்களுக்கு முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. 1996இல் திறந்தது. பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அப்படியே நிறுத்தியிருக்கிறார்கள், பானை, ஓலைப் பின்னல் என்று கைவேலையும் உண்டு. சின்னக் குழந்தைகளோடு ஒரு நாள் போக நல்ல இடம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஆனால் உங்கள் கேள்விக்கு அது ஆரம்பம்தான், ஊருக்குப் போவதற்கு ஈடாகாது.

இப்போது கொஞ்சம் கறாராகப் பேச வேண்டிய விஷயம். பட்டறை என்பது ஒருவர் பிழைக்கிற இடம். கல் எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவர் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு மணி நேரத்தில் அவருக்கு அத்தனை கல் குறைகிறது. ஆகவே உள்ளே போனதும் "சும்மா ஒன்று செய்து பார்க்கலாமா" என்று கேட்காதீர்கள். உரிமையாளரிடம் ஒரு தொகை பேசுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர் கையிலும் தனியாகக் கொடுங்கள். இரண்டும் ஒன்று இல்லை. படம் எடுப்பதற்கு முன்பு கேளுங்கள். அவர் "இன்றைக்கு ஆர்டர் இருக்கிறது, முடியாது" என்றால் அது நியாயமான பதில். உட்கார்ந்து பார்த்துவிட்டு மறுநாள் வரலாம். அதனால்தான் ஒரே ஊரில் குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள் என்கிறேன். முதல் நாள் பார்ப்பதற்கு, இரண்டாம் நாள் செய்வதற்கு. மூன்று நாளில் ஐந்து கைத்தொழில் என்று யாராவது பட்டியல் கொடுத்தால் வாங்கி மடித்து வைத்துவிடுங்கள்.

எப்போது போகலாம்? ஐப்பசி, கார்த்திகை மழையில் எதுவும் காயாது, கல்லும் காயாது, மண் கூடும் காயாது. சித்திரை வெயிலில் செட்டிநாட்டில் குழந்தையோடு அலைவது கஷ்டம். பொங்கல் முடிந்து மாசி வரை நல்ல காலம். பள்ளிக்கு இரண்டு நாள் விடுப்பு போட்டால் தப்பில்லை என்பது என் அபிப்பிராயம்.

சிமென்ட் தோலை அரிக்கும், அதனால் கையுறை எடுத்துக்கொள்ளுங்கள். மோதிரம், வளையல் கழற்றி வையுங்கள், வேலை முடிந்ததும் உடனே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கலர் பட்டால் போகாது, பழைய உடுப்பே போதும்.

ஒன்று மறந்துவிட்டேன். சட்டத்தைக் கழற்றியதும் கல்லின் முதுகு ஈரமாகத்தான் இருக்கும். மகளிடம் ஒரு ஆணியைக் கொடுத்து, அவள் பெயரின் முதல் எழுத்தையும் தேதியையும் அதில் கீறச் சொல்லுங்கள். தொட்டியில் இருக்கும் கற்களுக்கு நடுவில் அவளுடையதை அந்த எழுத்தை வைத்துத்தான் தேடி எடுத்து அனுப்புவார்கள்.