கலிஃபோர்னியாவில் யார் சாட்சி சொல்லலாம்?

[திரையில்: 1850ஆம் ஆண்டின் அமெரிக்க வரைபடம். கலிஃபோர்னியா மட்டும் நிறம் மாறுகிறது.]

வணக்கம். அமெரிக்கா மேற்கே விரிந்த கதையில், கலிஃபோர்னியா அடிமை முறை இல்லாத மாநிலம் என்று ஒரே வரியில் சொல்லி நகர்ந்துவிடுவார்கள். ஏட்டில் அது சரிதான். 1849ல் மான்டரே நகரில் எழுதிய அரசமைப்பு அடிமை முறையைத் தடை செய்தது. 1850 செப்டம்பர் 9 அன்று கலிஃபோர்னியா மாநிலமானது. ஆனால் அங்கே யாருடைய நிலம் பறிபோனது, யார் கட்டாயத்தில் உழைத்தார்கள் என்று புரிய வேண்டுமானால், வேறொரு சட்டத்தைப் பார்க்க வேண்டும். நீதிமன்றத்தில் யார் வாய் திறக்கலாம் என்று சொன்ன சட்டம்.

முதலில் பின்னணி. 1848 ஜனவரியில் கொலோமாவில் ஜேம்ஸ் மார்ஷல் தங்கத்தைக் கண்டார். அடுத்த சில நாட்களிலேயே, பிப்ரவரி 2 அன்று, போரில் தோற்ற மெக்ஸிகோ கலிஃபோர்னியாவை அமெரிக்காவிடம் ஒப்படைத்து உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. தங்கம் தேடி ஜனங்கள் குவிந்தார்கள். அவர்களில் பலர் அடிமை முறையை எதிர்த்ததற்குக் கருணை மட்டும் காரணமில்லை. தெற்கத்தி முதலாளி அடிமைகளைக் கூட்டமாகக் கொண்டுவந்து சுரங்கத்தில் இறக்கினால், தனியாளாகத் தோண்டுகிறவன் பிழைக்க முடியாது. அந்தப் பயமும் இருந்தது.

[திரையில்: சட்டப் பக்கம். "1850, ஏப்ரல்" என்ற எழுத்து.]

சரி, அப்போது வயலிலும் பண்ணையிலும் யார் வேலை செய்தார்கள்? பெரும்பாலும் அந்த மண்ணின் பூர்வகுடிகள். 1850 ஏப்ரலில் ஒரு சட்டம் வந்தது. பூர்வகுடி ஒருவர் வேலையில்லாமல் சுற்றுகிறார் என்று வெள்ளைக்காரர் ஒருவர் புகார் கொடுத்தால் போதும். கைது செய்து, அதிக விலை கேட்பவரிடம் 4 மாதம் வரை வேலைக்கு அனுப்பலாம். பூர்வகுடிக் குழந்தைகளை, ஆண் என்றால் 18 வயது வரை, பெண் என்றால் 15 வயது வரை, வெள்ளைக்காரர் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு வேலை வாங்கலாம். இந்தச் சட்டத்தின் பெயரில் "பாதுகாப்பு" என்ற சொல்லும் இருந்தது. லாஸ் ஏஞ்சலஸில், சிறையில் இருந்தவர்களைத் திராட்சைத் தோட்டக்காரர்களுக்கு வாராவாரம் ஏலம் விட்டார்கள்.

இதை எதிர்த்து வழக்குப் போடலாமே என்று கேட்பீர்கள். கறுப்பினத்தவரோ பூர்வகுடியோ வெள்ளைக்காரருக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கூடாது என்று அதே 1850ல் சட்டம் செய்துவிட்டார்கள். பறித்தவன் பேசலாம், பறிகொடுத்தவன் பேச முடியாது. என்னைப் பொறுத்தவரை, மற்ற அநீதிகளுக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டது இதுதான்.

நிலத்துக்கும் இதே கதிதான். 1851லும் 1852லும் மத்திய அரசின் அதிகாரிகள் பூர்வகுடிகளோடு, அவர்களுக்கென்று நிலம் ஒதுக்கும் 18 ஒப்பந்தங்கள் போட்டார்கள். செனட் அவற்றை மூடிய அறையில் நிராகரித்தது. அந்த ஆவணங்களின் ரகசியம் 1905ல்தான் விலக்கப்பட்டது. இடையில் படுகொலை, பட்டினி, நோய். 1840களில் சுமார் 1,50,000 பேர் இருந்த இடத்தில், 1870 வாக்கில் ஏறத்தாழ 30,000 பேர்தான் மிஞ்சினார்கள்.

[திரையில்: பிடி மேசனின் படம்.]

பிடி மேசன் என்ற பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மிசிசிப்பியில் அடிமையாக இருந்தவர். உரிமையாளர் ராபர்ட் ஸ்மித்தின் வண்டிகளுக்குப் பின்னால் மாடுகளை ஓட்டிக்கொண்டு யூட்டா வரை நடந்தே வந்தார். 1851ல் ஸ்மித் அவரைக் கலிஃபோர்னியாவுக்குக் கூட்டிவந்தார். சட்டப்படி அங்கே அவர் சுதந்திரமானவர், ஆனாலும் வேலை தொடர்ந்தது. அப்புறம் ஸ்மித் எல்லோரையும் அடிமை மாநிலமான டெக்சஸுக்குக் கொண்டுபோகக் கிளம்பியபோது, லாஸ் ஏஞ்சலஸின் கறுப்பின நண்பர்கள் விஷயத்தை நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள். தன்னைப் பற்றிய வழக்கிலேயே ஸ்மித்துக்கு எதிராக மேசன் கூண்டில் ஏறிப் பேச முடியாது. நீதிபதி பெஞ்சமின் ஹேஸ் தன் அறைக்கு வரவழைத்து, டெக்சஸ் போக விருப்பமா என்று அவரிடமே கேட்டறிந்தார். 1856 ஜனவரியில் மேசனும் குடும்பத்தாருமாக 14 பேர் விடுதலை பெற்றார்கள். பிறகு மருத்துவச்சியாக உழைத்த பணத்தில், 1866ல் 250 டாலருக்கு நகரில் நிலம் வாங்கினார்.

எல்லோருக்கும் ஹேஸ் போன்ற நீதிபதி கிடைக்கவில்லை. லிங் சிங் என்ற சீனரைக் கொன்றதாக ஜார்ஜ் ஹால் என்ற வெள்ளைக்காரருக்கு மரண தண்டனை விதித்திருந்தார்கள். தீர்ப்பு சீனர்களின் சாட்சியத்தில் நின்றது. 1854ல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பூர்வகுடிகளுக்கான தடை சீனர்களையும் கட்டுப்படுத்தும் என்றது தீர்ப்பு. அதன் பிறகு தங்க வயலில் சீனரை அடித்துப் பிடுங்குகிறவனுக்கு என்ன பயம் இருந்திருக்கும்? சில ஆண்டுகள் கழித்து, சியரா நெவாடா மலையைக் குடைந்து ரயில் பாதை போட்டவர்களில் பெரும்பாலோர் இதே சீனத் தொழிலாளர்கள்தான். 1867 ஜூனில் சம்பளத்துக்காக அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனி உணவு வரத்தை நிறுத்தி அதை முறியடித்தது.

[திரையில்: சாக்ரமென்டோ, 1855.]

தடையை உடைக்க முதலில் திரண்டவர்கள் கறுப்பின மக்கள். 1855 நவம்பரில் சாக்ரமென்டோவில் மாநாடு கூட்டினார்கள், மனு மேல் மனு போட்டார்கள். 1863ல் அவர்களுக்குச் சாட்சி சொல்லும் உரிமை கிடைத்தது. அதே ஆண்டு, பூர்வகுடிகளும் சீனர்களும் சொல்லக் கூடாது என்று சட்டமன்றம் வெளிப்படையாகவே எழுதி வைத்தது. 1873ல் புதிய சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தபோதுதான் அந்தத் தடை போனது.