விண்டோஸில் 4:30, லினக்ஸில் 10: டூயல் பூட் கடிகாரத்தைச் சரிசெய்வது எப்படி?

வணக்கம். என் போனில் இப்போது காலை மணி 10. இந்த லேப்டாப்பில் லினக்ஸ் மின்டும் விண்டோஸும் இருக்கின்றன. மின்டிலிருந்து வெளியே வந்து இப்போதுதான் விண்டோஸுக்குள் நுழைந்திருக்கிறேன். கீழே வலது மூலையைப் பாருங்கள், அதிகாலை 4:30 என்கிறது. வைஃபையை வேண்டுமென்றே அணைத்து வைத்திருக்கிறேன். நெட் இருந்தால் கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிடும், நான் காட்ட வந்ததும் போய்விடும்.

இதைப் பார்த்ததும் மதர்போர்டு பேட்டரி போய்விட்டது என்று கடைக்குக் கிளம்பிவிடாதீர்கள். அந்தக் காசு வடிவ சிஆர்2032 பேட்டரி செத்தால் நேரம் இவ்வளவு ஒழுங்காகத் தவறாது. தேதியே சில வருஷம் பின்னால் போய் நிற்கும். உங்கள் கணினியில் வித்தியாசம் அச்சடித்த மாதிரி ஐந்தரை மணி நேரம் என்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது. ஓடவேண்டிய கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அது எந்தக் கடிகாரம்? கணினி அணைந்திருக்கும்போதும் ஓடுகிற ஆர்டிசி. நொடிக்கு 32,768 தடவை அதிர்கிற சின்னப் படிகம் அதை ஓட்டுகிறது. 1984-இல் ஐபிஎம் பிசி ஏடியில் இதற்காக ஒரு மோட்டோரோலா சிப்பை வைத்தார்கள். அதில் வருஷம், மாதம், தேதி, மணி, நிமிடம், நொடி எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. அது எந்த ஊர் நேரம் என்று குறித்து வைக்க மட்டும் இடம் இல்லை. மொத்தத் தகராறும் இதில்தான் தொடங்குகிறது.

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் மேசைமேல் ஒரு கணினி, அதன் முன்னால் ஒருவர். அவர் கைக்கடிகாரத்தில் என்ன மணியோ அதுதான் ஆர்டிசியிலும். விண்டோஸ் அந்தப் பழக்கத்தை இன்றுவரை விடவில்லை. ஆர்டிசியில் இருப்பதை உள்ளூர் நேரம் என்றே எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் வந்த வழி யூனிக்ஸ் வழி. அங்கே காலம் என்றால் 1970 ஜனவரி 1-இலிருந்து யூடிசி, அதாவது உலகப் பொது நேரக் கணக்கில் ஓடுகிற நொடிகள். எந்த ஊர், எந்த நாடு என்பதெல்லாம் திரையில் காட்டும்போது கூட்டிக் கழித்துக்கொள்கிற விஷயம். அதனால் லினக்ஸுக்கு ஆர்டிசியில் இருப்பதும் யூடிசிதான்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். லினக்ஸ் நெட்டிலிருந்து சரியான நேரத்தை வாங்கியதும் அதன் மையப் பகுதியான கெர்னல் 11 நிமிடத்துக்கு ஒருமுறை அதை ஆர்டிசியிலும் எழுதி வைக்கிறது. நமக்குக் காலை 10 என்றால் யூடிசியில் 4:30. விண்டோஸ் வந்து அந்த 4:30-ஐ அப்படியே நம்புகிறது. அப்புறம் நெட் கிடைத்ததும் திருத்திக்கொண்டு, ஆர்டிசியில் 10 என்று எழுதுகிறது. மறுபடி லினக்ஸுக்குப் போனால் அது 10-ஐ யூடிசி என்று நினைத்து ஐந்தரையைக் கூட்டி, மாலை 3:30 என்கிறது. இரண்டுமே தன் கணக்கில் சரி. ஒன்று எழுதியதை இன்னொன்று அழிக்கிறது, அவ்வளவுதான்.

நெட் வந்தால் சரியாகிவிடுகிறதே, விட்டுவிடலாமே என்பீர்கள். விடலாம்தான். ஆனால் கணினியிலேயே ஆதென்டிகேட்டர், அதாவது லாகினுக்கான எண்ணைத் தருகிற ஆப், வைத்திருப்பவர்களுக்கு 30 நொடிக்கு ஒருமுறை மாறுகிற எண் நேரத்தை வைத்துத்தான் உருவாகிறது. கடிகாரம் தவறினால் லாகின் ஆகாது. ப்ரோக்ராம் எழுதும் மாணவர்களுக்கு இன்னொரு தொல்லை. மாலை 3:30 என்று பதிவான கோப்பு, நேரம் திருந்தியதும் எதிர்காலக் கோப்பாகிவிடும். ப்ரோக்ராமைக் கட்டுகிற மேக் (make) கட்டளையைக் கொடுத்தால் கடிகாரம் பொருந்தவில்லை என்று புலம்பும்.

சரி, தீர்வு. வழி இரண்டு இருக்கிறது. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றலாம், அல்லது விண்டோஸை யூடிசிக்கு மாற்றலாம்.

லினக்ஸ் பக்கம் ஒரே கட்டளை, டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1. எழுத்துக்கு எழுத்து திரையில் போட்டிருக்கிறேன். ஆனால் இதைச் செய்த பிறகு வெறும் டைம்டேட்சிடிஎல் அடித்துப் பாருங்கள், ஆர்டிசி உள்ளூர் நேரத்தில் இருக்கிறது, இது சரியாக வராது என்று அதுவே எச்சரிக்கும். காரணம், கோடையில் கடிகாரத்தை மாற்றுகிற நாடுகள். அங்கே இரண்டு சிஸ்டமும் ஆளுக்கொரு மணி நேரம் தள்ளி வைத்துவிட வாய்ப்பு உண்டு. இந்தியாவில் அந்த வழக்கம் இல்லை, ஆகவே இங்கே இது ஓடும். விண்டோஸில் அட்மின் உரிமை இல்லாதவர்களுக்கு இதுதான் வழி.

என் வாக்கு விண்டோஸை மாற்றுவதற்குத்தான். கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கிறேன். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கிற ரெஜிஸ்ட்ரியில் சிஸ்டம், கரன்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல், அதற்குள் டைம்சோன்இன்ஃபர்மேஷன். அங்கே ரியல்டைம்ஈஸ்யூனிவர்சல் என்ற பெயரில் ஒரு டிவேர்டு (எண் வகை) மதிப்பு, அதற்கு 1. பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் விண்டோஸ் பிழை காட்டாது, சும்மா கண்டுகொள்ளாமல் இருக்கும். அதனால் கீழே டிஸ்கிரிப்ஷனிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். பிறகு ரீஸ்டார்ட். ஷட்டவுன் வேண்டாம், விண்டோஸை வேகமாகத் தொடங்க வைக்கிற ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன் ஆகியிருந்தால் விண்டோஸ் முழுசாக அணைவதே இல்லை. டூயல் பூட் வைத்திருக்கிறவர்கள் அதை ஆஃப் செய்துவிடுவதே நல்லது, லினக்ஸிலிருந்து விண்டோஸ் பார்ட்டிஷனில் எழுத முடியாமல் போவதற்கும் பல நேரம் அதுதான் காரணம்.

மின்டுக்குப் போய் நெட் வந்து நேரம் சரியாகட்டும், சுடோ ஹெச்டபிள்யூகிளாக் --சிஸ்டோஹெச்சி கொடுங்கள், ஆர்டிசியில் உடனே எழுதிவிடும். திரும்பி விண்டோஸுக்கு வருகிறேன். வைஃபை இன்னும் ஆஃப்தான். 10:17. போனிலும் 10:17.

இரண்டு எச்சரிக்கை. முதலாவது, இரண்டு வழியையும் சேர்த்துச் செய்யாதீர்கள். செய்தால் விண்டோஸ் யூடிசிக்கும் லினக்ஸ் உள்ளூருக்கும் போய், அதே ஐந்தரை மணி நேரம் திசை மாறி வந்து நிற்கும். இரண்டாவது, இனி பயாஸை, அதாவது கணினி தொடங்கும்போது வருகிற அமைப்புத் திரையை, திறந்தால் அங்கே ஐந்தரை மணி நேரம் குறைவாகத்தான் தெரியும். அது யூடிசி. தப்பாக இருக்கிறதே என்று கை வைத்துவிடாதீர்கள். விண்டோஸை மறுபடி புதிதாக நிறுவினால் ரெஜிஸ்ட்ரி மதிப்பையும் மறுபடி போடவேண்டும்.

வெளிநாட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஐந்தரை வராது. சிங்கப்பூரில் 8 மணி நேரம் வரும். டொராண்டோவில் குளிர்காலத்தில் 5, கோடையில் 4. லண்டன்காரர்களுக்குக் குளிர்காலம் முழுக்க ஒன்றுமே தெரியாது, மார்ச் கடைசி ஞாயிறுக்குப் பிறகு ஒரு மணி நேரம் இடிக்கும். உங்கள் வித்தியாசம் உங்கள் ஊருக்கும் யூடிசிக்கும் உள்ள இடைவெளியோடு ஒத்துப்போகவில்லை என்றால், இந்த ரெஜிஸ்ட்ரி வேலை உதவாது. இரண்டு சிஸ்டத்திலும் டைம்சோன் எந்த ஊரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.