மியூட்ல ஆடுற பையன்

வணக்கம். பேய் கேம் பத்திப் பேசுங்கன்னு கூப்பிட்டாங்க, அதுவும் ரேடியோவுல, ஸ்கிரீனே இல்லாத இடத்துல. மொதல்ல சிரிப்புதான் வந்துச்சு, அப்புறம் யோசிச்சா இதைவிட நல்ல இடம் கிடையாதுன்னு தோணுச்சு, ஏன்னா இந்த மாதிரி கேம்ல பாதிக்கு மேல காதுலதான் நடக்குது. நான் வடபழனி பக்கம் ஒரு சின்ன ஸ்டூடியோவுல எஃபெக்ட்ஸ் எடுக்கிற ஆளு. செருப்பு நடக்கிற சத்தம், கதவு சாத்துற சத்தம், அதான் பொழப்பு. ராத்திரி வீட்டுக்குப் போனா கேம்.

எங்க அக்கா பையன் ஆறாவது படிக்கிறான், போன்ல கிரானின்னு ஒரு கேம் ஆடுவான். 2017ல வந்தது, உங்க வீட்டுப் பசங்களும் ஆடியிருப்பாங்க. ஒரு கெழவி உங்களைப் பழைய வீடு ஒண்ணுல பூட்டி வெச்சிருக்கும், சாவி அது இதுன்னு தேடி வெளிய வரணும், ஒரு தடவை மாட்டினா ஒரு நாள் போச்சு, மொத்தமே அஞ்சு நாள்தான். கெழவிக்குப் பாம்புக் காது. கையில இருக்கிற சாமானை ஒண்ணு கீழ போட்டாலும் எங்க இருந்தாலும் கட்டையைத் தூக்கிட்டு வந்துரும், நீங்க ஓடிப் போய் கட்டிலுக்கு அடியில பூந்துக்கணும். நம்மாளு இதை மியூட்ல வெச்சு ஆடுறான். ஏன்டான்னா "சவுண்ட் வெச்சா பயமா இருக்கு மாமா"ங்கிறான். சரி பயம் இல்ல, ஆனா கெழவி மேல நடக்குதா கீழ நடக்குதான்னு அவனுக்கு எப்படித் தெரியும்? பத்து நிமிஷத்துல அஞ்சு நாளும் காலி, போனைத் தூக்கிப் போட்டு போரடிக்குதுன்னு போயிடுவான்.

இதுலதாங்க விஷயமே இருக்கு. நல்ல பேய் கேம்ல எது உங்களைக் காப்பாத்துதோ அதேதான் வயித்தையும் கலக்கும், ஒண்ணு வேணாம்னா இன்னொண்ணும் கிடைக்காது.

1999ல பிளேஸ்டேஷன்ல சைலன்ட் ஹில் வந்துச்சு. ஊர் பூரா பனி, நாலடி தாண்டி ஒண்ணும் தெரியாது. அந்தக் காலத்து மெஷினால தூரத்துல இருக்கிற தெருவையெல்லாம் வரைஞ்சு காட்ட முடியல, அந்தக் குறையை மறைக்கத்தான் அவ்ளோ பனி, ஆனா அதுவே கேமோட அடையாளம் ஆயிடுச்சு. கண்ணு போச்சா, அப்ப கையில ஒரு சின்ன ரேடியோவைக் குடுத்துட்டாங்க. பக்கத்துல ஏதாவது வந்தா அது கரகரங்கும், நீங்க ஸ்டேஷன் மாத்துறப்போ ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல வருமே, அதே கரகரப்பு. எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு சொல்லாது, வருதுன்னு மட்டும் சொல்லும். அதை ஆஃப் பண்ண வழி இருக்கு, இருந்தும் கை போகாது, ஏன்னா ஆஃப் பண்ணிட்டா வருதாங்கிறதே தெரியாதே.

ஜம்ப் ஸ்கேர் பத்தி ஒரு வார்த்தை. திடீர்னு ஒரு மூஞ்சி வந்து கத்துறது, எங்க தொழில்ல அதுக்கு அஞ்சு நிமிஷ வேலை கூட இல்ல, வால்யூமை ஏத்தினா முடிஞ்சுது. பின்னாடி நின்னு பலூனை உடைச்சாலும்தான் தூக்கிப் போடும், அதுக்குப் பேர் பயமா? நம்ம வீட்டுல ஃபேன் நாள் பூரா ஓடும், அந்தச் சத்தம் யாருக்கும் கேக்காது. மே மாசம் ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட் போய் அது மெதுவா சுத்தி நிக்குது பாருங்க, அப்ப வீட்டுல எல்லாரும் முழிச்சுப்பாங்க. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பெரிய எஃபெக்ட்டே அதான். கேமுக்குள்ள ஓடிட்டே இருக்கிற மெல்லிசான இரைச்சலை சத்தமில்லாம உருவிட்டா, ஒண்ணுமே நடக்காம உங்க விரல் தானா நின்னுடும்.

2014ல வந்த ஏலியன் ஐசோலேஷன்ல கையில ஒரு கருவி இருக்கும், பக்கத்துல எது நகர்ந்தாலும் பீப் பீப்னு காட்டும். நம்மளைத் தேடிட்டு அலையுற வேத்துக் கிரக ஜந்து, அதான் ஏலியன், ரொம்பக் கிட்ட இருந்தா அந்தப் பீப் அதுக்கும் கேட்டுடும்! பீரோ மாதிரி ஒரு பெட்டிக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு எடுத்துப் பாக்கலாமா வேணாமான்னு நான் முழுசா ஒரு நிமிஷம் உக்காந்திருக்கேன், டீ ஆறிப் போச்சு. அந்த கேமை இயக்குறதுல ரெண்டு மூளை இருக்கு. ஒண்ணு மேல இருந்து பாக்குறது, நீங்க எங்க இருக்கீங்கன்னு அதுக்கு எப்பவும் தெரியும். இன்னொண்ணு ஏலியனோடது, அதுக்கு மேல இருக்கிறது "அந்தப் பக்கம் போய்ப் பாரு"ன்னு கோடி காட்டும், மிச்சத்தைக் கண்ணாலயும் காதாலயும் அதுவேதான் கண்டுபிடிக்கணும். ரொம்ப நேரம் நெருக்கிட்டே இருந்தா மேல இருக்கிறது அதைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லிடும். நமக்கு மூச்சு விட நேரம் குடுக்குது பாருங்க, அது இரக்கத்துல இல்ல. ஒரே இடத்துல அஞ்சு தடவை செத்துட்டா பேய் பேயா தெரியாது, ஸ்டாப்ல நிக்காமப் போற 12பி பஸ் மாதிரி எரிச்சல்தான் வரும். அதனால சாகுற மாதிரி போய் சாகாம வரணும், கேம் எழுதுறவனுக்குக் கஷ்டமே அந்த அளவைப் பிடிக்கிறதுதான். சில ராத்திரி இந்த கேமே அந்த அளவைத் தாண்டிடும், அதையும் சொல்லிடணும்.

1996ல வந்த ரெசிடென்ட் ஈவில்ல அந்த மூச்சு விடுற இடத்துக்குன்னே தனி ரூம் இருக்கு. உள்ள ஒரு டைப்ரைட்டர், பின்னாடி மெல்லிசா ஒரு பாட்டு, அது கேட்டாலே தோள் இறங்கிடும். ஆனா கேமை சேவ் பண்ண டைப்ரைட்டருக்கு ரிப்பன் வேணும், ரிப்பன் அளவாதான் கிடைக்கும். மாசக் கடைசியில பர்ஸைத் தொறந்து தொறந்து மூடுவோமே, அந்தக் கணக்குதான்.

கடைசியா ஃபாஸ்மோஃபோபியா, 2020ல வந்தது, நாலு பேர் சேந்து ஆடலாம். மைக்ல நீங்க பேசுறது பேய்க்கும் கேக்கும். பேசிட்டே இருந்தா தைரியமா இருக்கும், ஆனா அது வேட்டையாட ஆரம்பிச்சா பேசினவனைத்தான் தேடி வரும். ஒரு ராத்திரி நான் ஒரு அலமாரிக்குள்ள, வாயை மூடிக்கிட்டு, ஹெட்போன்ல என் மூச்சே எனக்கு இரைச்சலா கேக்குது, வெளிய காலடி தாண்டிப் போயிட்டிருக்கு, அப்ப பின்னாடி கதவைத் தொறந்து எங்கம்மா, "டேய், தோசை ஆறுது, எத்தனை தடவடா கூப்பிடுறது!"

காலடி நின்னுச்சு. திரும்பி வந்துச்சு. மத்த மூணு பேரும் மைக்ல விழுந்து விழுந்து சிரிக்கிறானுங்க, அவனுங்க சிரிச்ச சிரிப்புல அடுத்த வேட்டையில இன்னொருத்தனும் போயிட்டான்.

அக்கா பையனுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். போன ஞாயித்துக்கிழமை என் ஹெட்போனைக் கேட்டு வாங்கி மாட்டிக்கிட்டு கிரானி போட்டான். தலையில தலையணை, கால் ரெண்டும் கட்டில் மேல. முக்கால் மணி நேரம் கழிச்சு எட்டிப் பாத்தா இன்னும் மூணாம் நாள்லதான் இருக்கான். "என்னடா ஆச்சு?"ன்னேன். திரும்பாமலே வாயில விரலை வெச்சு, "ஷ்ஷ் மாமா, மேல நடக்குது"ன்னான்.