எது பொய் சொல்கிறது, டீச்சர்?

ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

2018இல் புதிய பாடநூல்கள் வரத் தொடங்கியபோது, அவற்றில் இருந்த கியூஆர் கோடுகளைப் பார்த்து எனக்கு அத்தனை சந்தோஷம். போனைக் காட்டினால் வீடியோ ஓடும். ஆசை ஆசையாய்ப் போட்டுக் காட்டினேன். "புரிந்ததா?" என்றால் "புரிந்தது டீச்சர்" என்று ஒரே குரல். மறுநாள் கேட்டால் பாதிப் பேர் தலை குனிந்துகொண்டார்கள். வீடியோ நன்றாகத்தான் இருந்தது. அதைப் பார்ப்பதைத் தவிர பிள்ளைகளுக்கு அதில் வேலையே இல்லை.

அப்புறம் 'பெட்' (PhET) கிடைத்தது. அறிவியல் சோதனைகளைத் திரையிலேயே நாமே செய்து பார்க்கும் மென்பொருள் அது. இயற்பியலில் 2001இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், அடுத்த ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. காசில்லை. ஒரு முறை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாத வகுப்பிலும் ஓடும். எங்களைப் போன்ற பள்ளிகளுக்கு இது பெரிய விஷயம்.

பத்தாம் வகுப்பில் மின்சுற்றுப் பாடம். திரையில் ஒரு பேட்டரி, ஒரு பல்பு. "பக்க இணைப்பில், அதாவது அதே பேட்டரியோடு தனி வழியில், இன்னொரு பல்பைச் சேர்த்தால் முதல் பல்பு என்ன ஆகும்? முதலில் நோட்டில் எழுதுங்கள்" என்றேன். பெரும்பாலானவர்கள் மங்கும் என்று எழுதினார்கள். சேர்த்துக் காட்டினேன், வெளிச்சம் அப்படியே இருந்தது. வகுப்பே "ஓ" என்றது. சரி, பாடம் முடிந்தது என்று நினைத்தேன்.

கடைசி பெஞ்சில் ஒரு பையன், ஆய்வகப் பெட்டியிலிருந்த பழைய டார்ச் செல்லில் அதையே செய்துகொண்டிருந்தான். ஒயர் நுனியை விரலால் அழுத்திப் பிடித்தபடி, "இங்கே மங்குது டீச்சர். எது பொய் சொல்லுது?" என்றான்.

அந்தக் கேள்விக்காக எத்தனை வருடம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம். திரையில் இருந்தது அக மின்தடையே, அதாவது மின்னோட்டத்தைத் தனக்குள்ளேயே தடுக்கும் தடையே, இல்லாத பேட்டரி. அவன் கையில் இருந்த பழைய செல்லுக்குள் அந்தத் தடை ஏறிப்போயிருந்தது. இரண்டு பல்புக்கும் சேர்த்துக் கூடுதல் மின்னோட்டம் எடுக்கும்போது, மின்னழுத்தத்தில் ஒரு பங்கு செல்லுக்குள்ளேயே செலவாகிவிடுகிறது. 'பெட்' மென்பொருளிலும் பேட்டரியின் தடையைக் கூட்ட ஒரு வசதி உண்டு. அவனையே முன்னால் வரச் சொல்லி நகர்த்த வைத்தேன். திரையிலும் பல்புகள் மங்கின. அக மின்தடை என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் கரும்பலகையில் எழுதினேன்.

இதைத்தான் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது என்று அந்தப் பழைய ஆய்வகப் பெட்டியைப் பூட்டி வைத்துவிடாதீர்கள். திரையும் செல்லும் ஒரே மேசையில் இருக்கட்டும். வீடியோ போட்டால் நடுவில் நிறுத்துங்கள், அடுத்து என்ன நடக்கும் என்று எழுத வையுங்கள். பாடம் இரண்டு நாள் பின்தங்கும், தெரியும். எனக்கும் பின்தங்கியது.

மறுநாள் அந்தப் பையன் சுவர்க் கடிகாரத்தில் தீர்ந்துபோன செல் ஒன்றும், கடையில் வாங்கிய புதுச் செல் ஒன்றும் கொண்டுவந்தான். மணி அடிக்கும் முன்பே அவன் பெஞ்சைச் சுற்றி எட்டுப் பேர் நின்றிருந்தார்கள், கையில் நோட்டோடு.